விழாத தயிரும் விலகும் விரலும்: ஒரு தயிர்க் காணொளியின் நிகழ்வு ஆய்வு

காணொளியின் நீளம் 58 செக்கன். தயிர்ச் சட்டி கவிழ்வது 47ஆவது செக்கனில். நோய் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

மட்டக்களப்பு எருமைத் தயிரைப் பற்றிக் கைபேசியில் எடுத்துப் போடப்படும் குறுங்காணொளிகளில் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பொது அமைப்பையே ஒரு காணொளியாக வைத்துக்கொண்டு, அது எங்கே ஆளை இழக்கிறது, ஏன் இழக்கிறது, எப்படித் திருத்துவது என்று செக்கன் செக்கனாகப் பார்ப்பதே இந்த ஆய்வு. எந்த ஒரு கடையையோ குடும்பத்தையோ இது குறிக்கவில்லை. தயிரைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நல்ல எருமைத் தயிரைச் சட்டியோடு தலைகீழாகக் கவிழ்த்தாலும் அது விழாது. இவ்வளவு வலுவான ஒரு காட்சியைக் கையில் வைத்துக்கொண்டே பார்வையாளரை இழக்கிறோம் என்றால், பிழை எடிட்டில்தான் இருக்கிறது. தயிரில் இல்லை.

முதல் எடிட்

முதல் 4 செக்கனும் சுழன்று வரும் பெயர்ப் படம், பின்னணியில் உரத்த இசை. 10 வரை ஒரு முகம்: “வணக்கம் நண்பர்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? இண்டைக்கு நாம பாக்கப் போறது…” 16 வரை வாவியும் கல்லடிப் பாலமும் மேலிருந்து. 24 வரை வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் எருமைகள் மேய்கின்றன. 33 வரை பால் காய்கிறது. 41 வரை ஆறவைத்து உறை ஊற்றுகிறார்கள். 47 வரை சட்டிகள் வரிசையாக இருக்கின்றன. அதன் பிறகுதான் ஒரு கை சட்டியைத் தூக்கிக் கவிழ்க்கிறது, 5 செக்கன். கடைசி 6 செக்கன் தொலைபேசி இலக்கமும் “பிடிச்சா லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க” என்ற வேண்டுகோளும்.

எடுத்தவர் சோம்பேறி அல்ல. எருமைப் பட்டிக்கு விடியற்காலையில் போயிருக்கிறார், அடுப்புப் புகையில் நின்றிருக்கிறார். ஒழுங்கும் இயல்பானதுதான்: பால் கறப்பதில் தொடங்கித் தயிரில் முடிகிறது. வேலை நடந்த ஒழுங்கிலேயே காட்சியையும் அடுக்கியிருக்கிறார். செய்பவருக்கு அந்த ஒழுங்கு சரி. பார்ப்பவருக்கோ 47ஆவது செக்கன் வரை காத்திருக்க ஒரு காரணமும் கொடுக்கப்படவில்லை. அப்படியொரு காட்சி வரப்போகிறது என்பதே அவருக்குத் தெரியாது.

நீளமான யூடியூப் காணொளிக்கு ஆள் தானாக வருகிறார். தலைப்பைப் படித்து, முகப்புப் படத்தைப் பார்த்து, விரும்பித் தொடுகிறார். அவருக்கு வணக்கம் சொல்லலாம், வீட்டுக்கு வந்தவர் அவர். ஷோர்ட்ஸ், ரீல்ஸ், டிக்டொக் மூன்றிலும் ஆள் வருவதில்லை, காணொளிதான் அவர் முன்னே போய் விழுகிறது. முந்திய காணொளியைத் தள்ளிய விரல் இன்னும் கண்ணாடியை விட்டு எடுபடவில்லை. அந்த விரலுக்கு முதலில் கிடைப்பது சுழலும் பெயர்ப் படம் என்றால், அது செய்ய வேண்டியதைச் செய்துவிடும்.

நம் ஊர்க் கூத்தை நினைத்துப் பாருங்கள். கட்டியகாரன் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகுதான் ராசா வரவு. களரியைச் சுற்றி விடியும்வரை இருக்கப் பாயோடு வந்த சனத்துக்கு அந்த நிதானம் ஒரு சுகம். அதே கட்டியகாரனை 58 செக்கனுக்குள் கொண்டுவந்து நிறுத்துவதுதான் இந்த முதல் எடிட்டின் அடிப்படைத் தவறு.

எதை அளப்பது

பார்வை எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவோம். யூடியூப் ஷோர்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், காணொளி ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும்கூட, ஒரு பார்வையாக எண்ணப்படுகிறது. குறைந்தபட்சம் இத்தனை செக்கன் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பழைய முறைக் கணக்கு, ஈடுபாட்டுடன் பார்த்தவை என்ற பெயரில், போட்டவர் தன் காணொளிக் கணக்கைப் பார்க்கும் யூடியூப் ஸ்டூடியோவில் தனியாக இருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் திகதிக்கு முன் போட்ட காணொளியையும் பின் போட்டதையும் வெறும் பார்வை எண்ணிக்கையால் ஒப்பிடுவது பயனற்றது.

அடுத்து, பார்த்தவர் எத்தனை வீதம், தள்ளிவிட்டுப் போனவர் எத்தனை வீதம் என்ற பிரிப்பு. இது முதல் ஓரிரு செக்கன்களின் மதிப்பெண். அதன் பின் வருவது ரிட்டென்ஷன் கோடு. எந்தச் செக்கனில் எத்தனை பேர் எஞ்சியிருந்தார்கள் என்பதை அது காட்டும். தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்தால் வாசற்படியில் பிழை. நடுவில் ஓரிடத்தில் பள்ளம் விழுந்தால் அந்த ஷொட்டில் பிழை. மெல்லச் சரிந்துகொண்டே போனால் குற்றம் தனி ஷொட்டில் இல்லை, கேள்வி இல்லாமை என்ற பொது நோய் அது. ஓரிடத்தில் கோடு மேலே எழுந்தால் அந்தக் காட்சியை ஆட்கள் திரும்பப் பார்க்கிறார்கள், அல்லது எழுத்தைப் படிக்க நேரம் போதவில்லை.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு. 58 செக்கன் காணொளியை 100 பேர் தொடங்குகிறார்கள். 40 பேர் 3ஆவது செக்கனிலும், 30 பேர் 20இலும், 20 பேர் 45இலும் போகிறார்கள், 10 பேர் மட்டும் முடியும்வரை இருக்கிறார்கள். மொத்தம் 120 + 600 + 900 + 580 = 2,200 செக்கன். ஆளுக்கு 22 செக்கன், நீளத்தில் ஏறத்தாழ 38 வீதம். இப்போது 36 செக்கன் எடிட். 25 பேர் 3இல், 15 பேர் 15இல் போக, 60 பேர் கடைசிவரை இருந்தால் 75 + 225 + 2,160 = 2,460. ஆளுக்கு 24.6 செக்கன், 68 வீதம். வீதம் பெரிதாக உயர்ந்தாலும் செக்கன் கூடியது 2.6 மட்டும். நீளத்தைக் குறைத்தாலே வீதம் ஏறும் என்பதால் வீதத்தைத் தனியாக வைத்துப் பெருமைப்படக் கூடாது, செக்கனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் தயிர் விற்பவருக்கு முக்கியமான எண் இந்த இரண்டுமே அல்ல. சட்டி கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் முதல் கணக்கில் 10 பேர். இரண்டாவதில், காட்சி முதல் செக்கனிலேயே வருவதால், ஏறக்குறைய 100 பேரும்.

நொடி போடுவது

நம் பக்கத்தில் விடுகதையை நொடி என்போம். செக்கனுக்கும் தமிழில் நொடி என்றே பெயர். இந்தத் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஒருவரை உட்காரவைப்பது வேகமோ சத்தமோ அல்ல, அவிழாத ஒரு நொடி. “இரண்டு செக்கனுக்கு ஒருமுறை கட் பண்ணு” என்று ஒரு விதி சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. கேள்வி உயிரோடு இருந்தால் ஒரே ஷொட்டை 5 செக்கன் வைக்கலாம். கேள்வி இல்லாவிட்டால் 5 செக்கனில் 10 கட் வைத்தும் ஆள் நிற்கமாட்டார், கண்தான் வலிக்கும்.

இங்கே கேள்வி தெளிவானது: கவிழ்த்தும் ஏன் விழவில்லை? இதற்கு நேர்மையான விடை மூன்று படிகளில் இருக்கிறது. எருமைப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 வீதம், பசுப் பாலில் ஏறத்தாழ 4 வீதம். மற்றத் திடப்பொருளும் எருமைப் பாலில்தான் கூட. இது முதற்படி. நன்றாகக் காய்ச்சிய பாலின் புரதம் இறுக்கமாக உறையும், உறை ஊற்றும்போது சூடும் சரியாக இருக்க வேண்டும். இது இரண்டாவது. சுட்ட மண் சட்டி தயிரிலுள்ள நீரை உறிஞ்சி வெளியே ஆவியாக விடுகிறது, தயிர் மேலும் இறுகுகிறது. இது மூன்றாவது. விடை மூன்று துண்டாக இருப்பது எடிட் செய்பவருக்குக் கிடைத்த வரம். ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் அவிழ்க்கும், முழுதாக அவிழ்க்காது.

சறுக்கிய இடைத் திருத்தம்

சட்டியை முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும் என்று நினைத்துச் செய்யும் திருத்தம் ஒன்று உண்டு. 41 செக்கன். முதல் 3 செக்கனில் சட்டி கவிழ்கிறது. 4ஆவது செக்கனில் குரல் சொல்கிறது: “ஏனெண்டா இது சுத்தமான எருமைப் பால்ல செய்தது.” இப்படிச் செய்யும்போது வாசற்படிச் சரிவு குறையும், ஆனால் 6, 7 செக்கனில் புதிதாக ஒரு பள்ளம் விழும். காரணம் எளிது: கேள்வி கேட்ட மூச்சிலேயே விடையும் வந்துவிட்டது. மீதி 35 செக்கனும் விடை தெரிந்தவருக்கு நடத்தும் பாடம்.

அதிலேயே இன்னொரு பிழையும் மறைந்திருக்கும். காணொளியின் மேலே “மண் சட்டித் தயிரின் ரகசியம்” என்று பெரிய எழுத்து. மூன்றாவது படியைத் தலைப்பே போட்டுக்கொடுத்துவிடுகிறது. கேள்வியைத் தலைப்பில் வைக்கலாம், விடையை வைக்கக் கூடாது.

மூன்றாவது சறுக்கல் கவிழ்க்கும் ஷொட்டுக்குள்ளேயே நடக்கிறது. கை சட்டியைத் தூக்குகிறது, கட், சட்டி தலைகீழாக இருக்கிறது. வேகத்துக்காக வைத்த கட் அது. பார்ப்பவர் உடனே சந்தேகப்படுவார்: நடுவில் என்ன செய்தார்கள்? தூக்குவது, கவிழ்ப்பது, தலைகீழாகப் பிடித்திருப்பது மூன்றும் வெட்டில்லாத ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். காணொளி முழுவதிலும் கட் வைக்கவே கூடாத இடம் இதுதான்.

36 செக்கன் எடிட்

0 முதல் 2.5 வரை: கை ஏற்கெனவே சட்டியில் இருக்கிறது. முதல் சட்டகத்திலேயே, அதாவது காணொளியின் முதல் ஒற்றைப் படத்திலேயே, சட்டி சரியத் தொடங்கிவிட்டது. கை வந்து சட்டியைத் தொடும் அந்த அரைச் செக்கனையும் வெட்டியாயிற்று. கீழே விரித்த வெள்ளைத் துணி. இசை இல்லை. சட்டி முழுதாகக் கவிழ்ந்ததும் மறுகை அதன் அடியில் ஒரு தட்டுத் தட்டுகிறது. அந்தத் தட்டின் சத்தம் கேட்க வேண்டும். திரையில் ஒரே சொல்: “விழுமா?” போனின் சத்தத்தை மூடிவைத்துப் பார்ப்போரும் நிறையப் பேர் என்பதால் கேள்வி எழுத்திலும் இருந்தாக வேண்டும்.

2.5 முதல் 4.5 வரை: அதே ஷொட் தொடர்கிறது. சட்டியைப் பிடித்திருக்கும் அம்மாவின் குரல், போனைப் பிடித்திருக்கும் மகனைப் பார்த்து: “இந்தா பாரு மனே, விழுதா?” இந்த ஒரு வரி “அன்பான நேயர்களே” என்ற நூறு வரிக்குச் சமம். ஊருக்கே பேசும் குரலைக் கேட்டால் விரல் விலகும். வீட்டுக்குள் ஒருவர் ஒருவரோடு பேசுவதைக் கேட்டால் காது தானாகப் போகும். எழுதிக் கொடுத்து வாசிக்கவைத்தால் இது வராது. உண்மையாகவே அவரைக் கவிழ்க்கச் சொல்லி, அவர் வாயில் வருவதைப் பதிய வேண்டும். சட்டியை நிமிர்த்தும் முன்பே கட்.

4.5 முதல் 9 வரை: பால். ஒன்றில் எருமைப் பாலும் மற்றதில் பசுப் பாலும் ஊற்றிய இரண்டு கண்ணாடிக் குவளைகளைச் சரித்து நிமிர்த்தினால் எருமைப் பால் கண்ணாடியில் தடித்த படலமாக ஒட்டி மெதுவாக இறங்குவது தெரியும். குரல்: “எருமைப் பால்ல கொழுப்பு கூட. ஆனா பால் மட்டுமில்ல.” பின்னுள்ள மூன்று சொல்லும்தான் முக்கியம். முதல் விடையைக் கொடுத்த கையோடு கதவைத் திறந்தே வைக்கின்றன. இதை 8ஆவது செக்கனுக்குப் பிந்தவிடக் கூடாது.

9 முதல் 14 வரை பால் பொங்கி எழுகிறது. பொங்கும் பாலில் தானாகவே ஒரு பரபரப்பு இருக்கிறது, வழியுமா வழியாதா என்று கண் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே இந்த ஷொட்டை 4 செக்கன் வெட்டாமல் வைக்கலாம். விளிம்பைத் தொடும் நேரத்தில், வழியும் முன், கட். ஒரு செயல் முடிந்த பிறகு வெட்டினால் பார்ப்பவருக்கு ஓய்வு கிடைக்கும், ஓய்வில்தான் விரல் நகரும்.

14 முதல் 19 வரை விரலால் சூடு பார்ப்பது. 40 முதல் 45 பாகை செல்சியஸ், கை பொறுக்கும் சூடு. கூடினால் உறையிலுள்ள நுண்ணுயிர் செத்துவிடும், குறைந்தால் தயிர் தண்ணீராகவே கிடக்கும். குரல் இதைத் தகவலாகச் சொல்லாமல் ஆபத்தாகச் சொல்ல வேண்டும்: “இதில பிழைச்சா எல்லாப் பாலும் போச்சு.”

19 முதல் 24 வரை ஒரு கரண்டி உறை, கலக்கல், சட்டிக்குள் ஊற்றல். 24 முதல் 28 வரை தாளால் மூடிக் கட்டி இருட்டான மூலையில் வைப்பது. மூடும் தாளில் கடையின் தொலைபேசி இலக்கம் பெரிதாக எழுதியிருக்கிறது. முதல் எடிட்டில் 6 செக்கன் தின்ற இலக்கம் இங்கே ஒரு செக்கனும் தின்னவில்லை, காட்சியின் உறுப்பாகவே இருக்கிறது. காணொளியின் கீழுள்ள குறிப்பிலும், மேலே பொருத்திவைத்த கருத்திலும் அதே இலக்கத்தைக் கொடுக்க வேண்டும், தேடுபவர் அங்கேதான் தேடுவார்.

28 முதல் 33 வரை விடியற்காலை. சட்டியின் வெளிப்புறம் ஈரமாக இருண்டிருக்கிறது. விரல் அதைத் தொட்டு ஈரத்தைக் காட்டுகிறது. மூன்றாவது விடை இப்போதுதான்: “தண்ணியச் சட்டி குடிச்சிடும்.” 33 முதல் 36 வரை கரண்டி தயிரை வெட்டி எடுக்கிறது, வெட்டிய சுவர் சரியாமல் நிற்கிறது. பிறகு கை இன்னொரு முழுச் சட்டியைப் பிடிக்கிறது. சரியத் தொடங்கும் சட்டகத்தில் காணொளி முடிகிறது. முதல் சட்டகமும் அதேதான் என்பதால் காணொளி தன் வாலைத் தானே பிடித்துக்கொள்கிறது.

“நன்றி” என்ற சொல் எங்கும் இல்லை. அந்தச் சொல் வந்ததும், அல்லது குரல் முடிவுக்குரிய தாழ்ந்த இழுவையில் இறங்கியதும், ஆட்கள் எழுந்துவிடுவார்கள். கடைசி வாக்கியம் இறங்கி முடியும் முன்பே படம் மாறியிருக்க வேண்டும்.

சுழற்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. திரும்ப ஓடுவதால் சராசரிப் பார்வை வீதம் 100ஐத் தாண்டவும் கூடும். அதை வைத்து எல்லாரும் முழுவதும் பார்த்தார்கள் என்று எண்ணக் கூடாது. சிலர் மூன்று முறை பார்த்து, பலர் பாதியில் போயிருக்கலாம். 30ஆவது செக்கனில் கோடு எங்கே நிற்கிறது என்பதுதான் உண்மையைச் சொல்லும்.

எடுக்கும்போதே கெட்டுப்போவன

எடிட்டில் திருத்த முடியாதவை சில உண்டு. வெள்ளைத் தயிர் அவற்றில் முதலாவது. கைபேசி கறுத்த சட்டியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், தயிர் வெறும் வெள்ளைத் திட்டாக வெளிறிவிடும். அப்போது அதன் தடிப்போ ஆடையோ தெரியாது, தடிப்பு தெரியாவிட்டால் “விழாது” என்பதை யாரும் நம்பமாட்டார்கள். தயிர்மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுக்க வேண்டும். வெளிச்சம் நேர் மேலிருந்து வராமல் வாசற்பக்கமிருந்து சாய்வாக வந்தால் மேற்பரப்பின் சுருக்கம் நிழலோடு தெரியும். காலை 7 முதல் 9 வரை கிழக்கு வாசல் போதும், விளக்கு வாங்கத் தேவையில்லை.

குழல் விளக்கு, மலிவு எல்இடி விளக்கின் கீழ் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நம் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. ஆகவே ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 செக்கனில் வைக்க வேண்டும். போனில் அந்த வசதி இல்லாவிட்டால் விளக்கை அணைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுப்பதே தீர்வு.

கவிழ்க்கத் தெரிந்தெடுக்கும் சட்டி முந்திய இரவு உறைந்து, நன்றாக ஆறியதாக இருக்க வேண்டும். மேலே நீர் தெளிந்து நிற்கும் சட்டியை எடுக்கவே கூடாது. தயிர் விழாவிட்டாலும் அந்த நீர் சொட்டும், பார்ப்பவர் மனதில் “விழுகிறது” என்று பதிந்துவிடும். அப்படிப்பட்ட சட்டியை மாற்றிக்கொள்ள, மூன்று சட்டிகளையாவது தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

அடுப்படியில் ஆவி கண்ணாடியை மூடும். ஒவ்வொரு ஷொட்டுக்கும் முன் பருத்தித் துணியால் கமராக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். எண்ணெய்க் கை பட்ட கண்ணாடியில் எடுத்த படம் பனிமூட்டமாகத்தான் வரும், எந்த வடிகட்டியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

சத்தம் இன்னொரு பெரிய பகை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே பதியும் குரல் முழுவதும் காற்றின் உறுமலாகவே இருக்கும். விளக்கக் குரலைப் பிறகு வீட்டுக்குள், உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து, போனை வாயிலிருந்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்துப் பதியலாம். உடுப்பு எதிரொலியை விழுங்கிவிடும். சட்டியைத் தட்டும் சத்தம், பால் ஊற்றும் சத்தம், கரண்டி தயிரை வெட்டும் சத்தம் மூன்றையும் தனியாக, அருகே வைத்துப் பதிந்து படத்தோடு பொருத்த வேண்டும். அடுத்த காட்சியின் சத்தத்தை அதன் படத்துக்கு 8 சட்டகம் முன்பாகவே தொடங்கினால், செக்கனுக்கு 30 சட்டகக் கணக்கில் கால் செக்கனுக்குச் சற்று மேல், கட் உறுத்தாது. காது முதலில் அடுத்த இடத்துக்குப் போகும், கண் பின்னால் போகும். இசை தேவையென்றால் 5ஆவது செக்கனுக்குப் பிறகு, குரலைவிட 15 முதல் 20 டெசிபல் தாழ்வாக.

தமிழ் எழுத்துத் திரையில்

1080க்கு 1920 அளவுப் படத்தில் கீழ் ஐந்திலொரு பங்கைப் பெயரும் குறிப்பும் மறைக்கும், வலது ஓரத்தைப் பொத்தான்கள் மறைக்கும். எழுத்தை நடுவுக்குச் சற்று மேலே வைப்பதே பாதுகாப்பு. கவிழ்த்த சட்டிக்கும் துணிக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் மட்டும் எதையும் எழுதக் கூடாது. விழுமா விழாதா என்று கண் தேடுவது அந்த இடத்தைத்தான்.

தமிழ்ச் சொல் நீளமானது. “உறையவிடவேண்டும்” என்பது ஒரு சொல்லாகத் திரையின் பாதியைப் பிடிக்கும். வரிக்கு மூன்று சொல், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். எழுதியதைச் சத்தமாக ஒருமுறை ஆறுதலாக வாசித்துப் பார்த்து, வாசித்து முடிய எடுத்த நேரத்துக்குக் குறையாமல் திரையில் வைக்க வேண்டும். சில எடிட்டிங் செயலிகளின் அலங்கார எழுத்துருக்களில் கொம்பும் காலும் இடம்மாறி விழுகின்றன. “கொழுப்பு” சிதைந்து போனால், வாசிப்பவர் தயிரை விட்டுவிட்டு எழுத்தைப் பார்ப்பார். எழுத்துருவை மாற்றுங்கள், அல்லது எழுத்தைப் படமாக்கி ஒட்டுங்கள். தானியங்கி வசன வரியை நம்பவே வேண்டாம். “மனே” என்று அம்மா சொல்வதை அது வேறெதுவாகவோ எழுதும். 36 செக்கனுக்குக் கையால் எழுத 15 நிமிடம் போதும்.

வேறு தொழிலுக்கு

மருதமுனைக் கைத்தறிச் சாரத்துக்கோ சேலைக்கோ காணொளி எடுப்பவருக்குச் சட்டி கவிழும் காட்சி இல்லை. ஆனால் தறியின் அடி இருக்கிறது. அந்தத் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும்போது கோலத்தின் பாதியை மட்டும் காட்டினால், முழுக் கோலம் என்ன என்பதே நொடி. கல்முனையில் கணிதம் கற்பிப்பவர் பிழையான விடையைப் பலகையில் எழுதி “இதில எங்க பிழை?” என்று தொடங்கலாம். எல்லாவற்றுக்கும் சட்டியைக் கவிழ்க்கப் போனால் மூன்றாவது காணொளியிலேயே சலித்துவிடும். அந்தந்தத் தொழிலின் நொடியை அந்தந்தத் தொழிலுக்குள்ளேதான் தேட வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தொடக்கத்தையும் இசையையும் நீளத்தையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. போட்ட அன்றே கோட்டைப் பார்த்து அழித்துவிட்டுத் திரும்பப் போடுவதும் வேண்டாம். ஒரு வாரமாவது விட்டுவிட்டுப் பாருங்கள்.

36 செக்கன் எடிட்டிலும் ஒரு பலவீனம் எஞ்சியிருக்கிறது: 14 முதல் 19 வரையுள்ள சூடு பார்க்கும் பகுதி. சூட்டைக் கமராவால் காட்ட முடியாது. பாலுக்குள் விரல் போவதை மட்டும் பார்ப்பவருக்கு அது 40 பாகையா 70 பாகையா என்று தெரியாது, குரல் மட்டும் ஆபத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கே மூன்று சிறு ஷொட்கள் தேவை. ஒன்று, சூடு கூடிய பாலில் விரலை வைத்து வெடுக்கென்று எடுக்கும் கை. இரண்டு, ஆறிய பாலில் அசையாமல் நிற்கும் அதே விரலும் அம்மாவின் முகமும் ஒரே சட்டகத்தில். மூன்று, சூடு பிழைத்ததால் உறையாமல் போன ஒரு சட்டி, கரண்டியிலிருந்து தண்ணீராக ஒழுகுவது. மூன்றாவதை எடுக்க ஒரு லீற்றர் பாலை வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். கெடுக்க மனம் வராவிட்டால், அடுத்த முறை தானாகப் பிழைத்துப்போகும் சட்டியைக் கொட்டிவிடாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.